கிண்ணிச் செடி – அத்தியாயம் 14: அவசரத்தில் வெட்டிய கன்று

தம்பி குடும்பம் போன பிறகு அந்த வீட்டில் வாய் விட்டுப் பேசியது ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

வேன் வந்து கட்டில், பீரோ, வாண்டுவின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனதைப் போன வாரம் கூடவே நின்று பார்த்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

பெரியக்கா, சின்னக்கா, தம்பி என்று மூன்று பேர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட காலத்தில், பள்ளிக்கூட ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குப் போய் மற்ற இருவரையும் ஆளாக்கியவள் பெரியக்கா. கல்யாணம் என்ற ஒன்று அவளுக்கு ஞாபகம் வருவதற்குள் தலை நரைத்துவிட்டது. சின்னக்காவுக்குக் கல்யாணம் ஆனது, ஆனால் சரிப்படவில்லை. திரும்பி வந்தவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவிக்குப் பியூட்டி பார்லரில் வேலை. அவர்களுடைய நாலு வயதுப் பெண்தான் வாண்டு.

எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். பெரியக்காவின் வயிற்றில் கட்டி வந்து, அது அடங்குவேனா என்று அடம்பிடிக்கும் வரைக்கும்.

கடைசியாகப் போனபோது டாக்டர் சின்னக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே மருந்து ஏத்திப் பிரயோஜனமில்லம்மா. வீட்டுல வெச்சு, அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி பார்த்துக்குங்க" என்றார். சின்னக்கா அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம்" என்று மட்டும் சொன்னாள். ரெஸ்ட் கொடுத்துக் கொடுத்தே அந்த டாக்டரின் முகத்தில் கரியைப் பூசிவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கில்தான் தம்பி மனைவியிடம் அன்றைக்குச் சமையலறையில் அப்படிச் சொன்னாள். குழந்தை காலடியில் நின்றதைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். "இவ தூக்கு தூக்குன்னு அக்கா இடுப்பை விட்டு இறங்கறதே இல்ல. அக்கா பாதியா இளைச்சதுக்கு வேற காரணம் தேட வேண்டாம். கொஞ்ச நாள் தனியா போய் இருங்க."

போய்விட்டார்கள். பெரியக்கா தடுக்கவில்லை. அதுதான் சின்னக்காவுக்கு ஆச்சரியம்.

இனி இன்றைக்கு வருவோம்.

"இன்னும் ரெண்டு ஸ்பூன்க்கா."

"போதும்டி. சூப்பு சூப்புன்னு என்னைக் குளமாக்கிட்ட. உனக்கு லேபுக்கு நேரமாகல?"

பல் இல்லாத வாயில் பெரியக்காவின் பேச்சு பாதி காற்றாக வந்தது. அவளுடைய மேல் பல்செட் நேற்றே சின்னக்காவின் கைப்பைக்குள் போய்விட்டது. அதைச் செய்ததே சின்னக்காதான். சர்க்கரை நோய் பெரியக்காவின் பல்லையெல்லாம் கொண்டுபோன வருஷம், ஊரில் யாருக்கும் செய்யாத அழகாக ஒரு வரிசை செய்து கொடுத்தாள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம்தான் ஆட ஆரம்பித்தது. உள்பக்கம் பூச்சு ஏற்றிச் சரி செய்தாள். மறுபடியும் ஆடியது. மறுபடியும் ஏற்றினாள். இன்றைக்கு மூன்றாவது தடவை.

"பேசாம அதை விட்டுடேன். யாரைக் கடிக்கப் போறேன்?"

"நீ கடிக்க வேண்டாம். சிரிச்சா போதும்."

பெரியக்கா வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தம்பி வீட்டார் போன பிறகு அவள் அதிகமாகப் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். ரெஸ்ட் எடுக்கிறாள் என்று சின்னக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

கிளம்பும் முன் பால்கனிக்குப் போனாள். கிண்ணிச் செடி வாடிக்கொண்டே வந்தது.

அன்னாசிக்கு உறவுக்காரச் செடி அது. கடையில் கேட்டால் புரோமிலியாட் என்று வாய் நிறைய ஒரு பெயர் சொல்வார்கள். இலைகள் ஒன்றையொன்று அணைத்தபடி நடுவில் கிண்ணம் போலத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்த வீட்டில் கிண்ணிச் செடி. பள்ளிக்கூட வரவேற்பறையில் காய்ந்து குப்பைக்குப் போகவிருந்த ஒரு செடியைப் பெரியக்கா தூக்கி வந்து, அதிலிருந்து உண்டாக்கியது. இந்த வருஷம்தான் பூத்தது. சிவப்பும் ரோஸுமாக ஒரே ஒரு கொத்து, மாதக்கணக்கில் நின்றது. வாண்டு அதற்குப் 'பெரியத்தை கொண்டை' என்று பெயர் வைத்து, தினமும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தன் கவுனுக்கும் ஊற்றிக்கொள்வாள்.

இப்போது கொண்டை கறுத்துவிட்டது. வெளி இலைகள் நுனியிலிருந்து பழுப்பேறி உள்ளே வந்துகொண்டிருந்தன.

சின்னக்கா குனிந்து பார்த்தாள். அடியில், தாயின் இடுப்பை ஒட்டி இரண்டு கன்றுகள். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் பச்சைப் பசேலென்று, திமிராக நின்றன.

அவளுக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ. தாய் காய்ந்துகொண்டிருக்க இதுகளுக்கு என்ன செழிப்பு வேண்டிக் கிடக்கிறது! எல்லாச் சத்தையும் இதுகள் தின்றால் அதற்கு என்ன மிஞ்சும்?

கைப்பையில் பிளாஸ்டர் செதுக்கும் கத்தி இருந்தது. முதல் கன்று கத்திக்கு நழுவி நடுவில் ஒடிந்தது. இலைகள் தனித்தனியாகக் கையோடு வந்தன. இரண்டாவது அடிக்கட்டையோடு வந்தது. இரண்டையும் பால்கனி மூலையில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள். உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தாய்ச் செடியின் கிண்ணம் நிறைய ஊற்றினாள். "இனிமே நீ சாப்பிடு" என்று சொல்லவும் சொன்னாள்.

நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியோடு பஸ் ஏறினாள். நம் சின்னக்காவின் குணமே அதுதான். கவலை வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது வெட்டும், ஒட்டும், தேய்க்கும். சும்மா உட்கார்ந்து அழத் தெரிந்திருந்தால் இந்தக் கதையில் பாதித் தொல்லை இல்லை.

லேபில் அவளுடைய மேஜை ஜன்னலோரம். எதிர் மேஜைக்காரர் யாருக்கோ கடைவாய்ப் பல் மெருகேற்றிக்கொண்டிருந்தார், அந்த மெஷின் சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியதில்லை. சின்னக்காவுக்கு அது வசதியாக இருந்தது.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பெரியக்காவின் வாயில் அளவு எடுத்தாயிற்று. அதில் பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்திருந்தாள். இப்போது பிரித்தெடுத்தாள். பெரியக்காவின் மேல் ஈறு, வெள்ளை வெளேரென்று, உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

பழைய அச்சுகளை அலமாரியில் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். பல்செட் முதலில் செய்தபோது எடுத்தது ஒன்று, போன தடவை எடுத்தது ஒன்று. எதற்கென்று தெரியாமலே அவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் அச்சில் ஈறு மேடு விரல் கனத்துக்கு எழும்பி நின்றது. இரண்டாவதில் இறங்கியிருந்தது. இன்றைய அச்சில் மேடு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் சமதரை மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

மூன்று தடவையும் பல்செட்டைத்தான் குறை சொன்னாள். பூச்சு சரியில்லை, பொருள் மட்டம், கடித்துப் பார்க்கும்போது அக்கா ஒழுங்காகக் கடிக்கவில்லை என்று என்னவெல்லாம் காரணம் சொன்னாள். பல்செட்டில் ஒரு குறையும் இல்லை. ஆள் கரைகிறாள். எத்தனை பூச்சு ஏற்றினாலும் அடுத்த மாதம் இதைவிட இறங்கும், இறங்குவதற்கு அடுத்த மாதம் என்று ஒன்று இருந்தால்.

டாக்டர் வாயால் சொன்னபோது அவள் காதில் ஏறாதது, இப்போது தன் கையாலேயே ஏறியது. சின்னக்கா மேஜையில் தலை வைத்து அழுதாள். மெருகேற்றும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

அழுது முடித்து முகம் கழுவி வந்து, பூச்சு வேலையை முடித்தாள். பாதியில் விட அவளுக்கு மனம் வரவில்லை. வழக்கத்தைவிட மெல்லிசாக, உறுத்தாமல், வழவழப்பாக முடித்தாள்.

அரை நாள் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் கட்டிலில் பெரியக்கா இல்லை.

"அக்கா?"

பால்கனித் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எப்படி எழுந்து போனாளோ. மடியில் குப்பைக் கூடை. உள்ளங்கையில் அடிக்கட்டையோடு வந்த கன்று. ஒடிந்ததன் இலைகளையும் பொறுக்கி வரிசையாகத் தரையில் வைத்திருந்தாள்.

"யார் வேலைடி இது?"

"நான்தான். ரெண்டும் அதோட சத்தையெல்லாம் எடுத்துக்கிட்டிருந்தது. அதான் தாய் காயுதுன்னு…"

"தாய் காயறது இதுகளால இல்ல." பெரியக்கா குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கோபத்தைச் சின்னக்கா அவள் முகத்தில் பார்த்ததே இல்லை. "அது பூத்தாச்சு. ஒரு தடவைதான் பூக்கும். அப்புறம் நீ உரம் போட்டாலும் சரி, பன்னீர் ஊத்தினாலும் சரி, அது போகத்தான் போகும். வாழை மரத்தைப் பார்த்ததில்லையா நீ?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா கேக்கறது. எனக்கு வாயில பல்லுதான் இல்ல, நாக்கு இருக்குல்ல? போறதுக்குள்ள கன்னுக்குக் கொடுத்துட்டுப் போகணும்னுதான் அது நிக்குது. கன்னு தாயோட பாதி உயரமாவது வரணும், அப்பதான் பிரிக்கணும். நீ அதோட வாயிலேர்ந்து புடுங்கிப் போட்டிருக்க. தாயும் பிழைக்காது, கன்னும் பிழைக்காது. யாருக்குடி லாபம்?"

பெரியக்கா கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெஸ்ட்டு ரெஸ்ட்டுன்னு என்னைக் கட்டில்ல போட்டு வெச்சிருக்க. நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்னு நினைக்கிற? சுவத்துல ஒரு விரிசல் இருக்கு. அது எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

இதைச் சொன்னபோது கோபம் போய்விட்டது. வெறும் களைப்புதான் இருந்தது. சின்னக்காவுக்கு அந்தக் கோபமே தேவலை என்று பட்டது.

பெரியக்காவே கேட்டாள். "கிண்ணத்துல என்னத்த ஊத்தின?"

"உரத் தண்ணி."

"கொன்னுட்ட போ. சாய்ச்சு எல்லாத்தையும் கொட்டு. நல்ல தண்ணி ஊத்தி அலசு."

இரண்டு பேருமாகத் தொட்டியைச் சாய்த்தார்கள். இரண்டு பேர் என்பது பெயருக்குத்தான். பெரியக்கா இலையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவே. மங்கிய தண்ணீர் பால்கனி வடிகாலில் போய் விழுந்தது. கிண்ணத்தை அலசி, பாதியளவு நல்ல தண்ணீர் ஊற்றினார்கள்.

பிறகு கன்று. வெட்டுவாய் வெயிலில் காய்ந்து தோல் கட்டியிருந்தது, நல்லதுதான் என்றாள் பெரியக்கா. மண்ணில் புதைத்தால் அழுகிவிடுமாம். ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் நார்த் துண்டும் கரியும் போட்டு மேலாக உட்காரவைக்கச் சொன்னாள். வேர் இல்லாத கன்று கை விட்டதும் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினால் மறுபடி சாய்ந்தது.

சின்னக்கா கைப்பையைத் திறந்தாள். பல்லைப் பக்கத்துப் பல்லோடு கவ்வி நிறுத்தப் போடும் கம்பி ஒரு துண்டு இருந்தது. அதை வளைத்து, நாரில் ஊன்றி, கன்றை நோகாமல் கவ்வவைத்தாள். நின்றது.

"இதெல்லாம் நல்லாத்தான் பண்ற" என்றாள் பெரியக்கா.

"இதை எங்க வைக்க?"

"தாய் பக்கத்துலயே வை. சோறு போட முடியாட்டியும் நிழலாவது விழும்."

கிண்ணத்தைத் தள்ளி வைக்கக் குனிந்தபோது பெரியக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தொட்டியின் மறுபக்கம், பழுப்பு இலைக்கு அடியில், ஒரு பச்சை முனை. பட்டாணி அளவுகூட இல்லை.

"இன்னொண்ணு மூக்கை நீட்டுது பாரு. இதையாவது விட்டு வை."

சின்னக்கா அந்த முனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அக்காவைத் தாங்கிக் கட்டிலுக்குக் கூட்டி வந்தாள். போர்வையும் அக்காவும் சேர்ந்துகூடக் கனமில்லை. பல்செட் டப்பாவைத் தலைமாட்டில் வைத்தாள்.

"போட்டுப் பாரேன்க்கா."

"எதுக்கு? வாண்டு இருந்தா 'கழட்டிக் காட்டு, மாட்டிக் காட்டு'ன்னு பிராணனை வாங்குவா. அவளே இல்ல, வித்தை யாருக்குக் காட்ட?"

சின்னக்கா கொஞ்ச நேரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கைப்பையை எடுத்தாள்.

"எதிர் வீட்டு டீச்சரை வந்து உக்காரச் சொல்லிட்டுப் போறேன். சீக்கிரம் வந்துடுவேன்."

எங்கே என்று பெரியக்கா கேட்கவில்லை. சின்னக்கா கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தபோது, பெரியக்காவின் கை தலைமாட்டில் டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தது.

தம்பி குடிபோன ஃபிளாட் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, நாலாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. ஊரையே ஏற்றி இறக்குகிறவன் தேடிப் பிடித்த வீட்டின் லட்சணம் இது. வேறொரு நாளாக இருந்தால் சின்னக்கா இதை வைத்தே ஒரு மாதம் அவனை ஓட்டியிருப்பாள்.

மூச்சு வாங்கக் கதவைத் தட்டினாள். தம்பிதான் திறந்தான். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் ஒட்டிய டேப்புகூடப் பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தன. சமையலறை மட்டும் முழுசாக அடுக்கியாகியிருந்தது. தம்பி மனைவி அங்கே நின்று பார்லர்த் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

"உக்காருக்கா. தண்ணி குடி."

"உக்கார வரலடா. டாக்டர் அன்னைக்குச் சொன்னதை நான் முழுசா சொல்லல. அவர் வந்து…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மருந்து இனிமே வேண்டாம்னது. பெரியக்கா அடுத்த நாளே அவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டா. கேட்டுட்டு என்கிட்ட சொல்லிட்டா."

சின்னக்கா ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "தெரிஞ்சுமாடா விட்டுட்டுப் போன?"

"நானா போனேன்? அவதான் போகச் சொன்னா." தம்பியின் குரல் தடுமாறியது. "'உங்க சின்னக்காவால கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியாதுடா. ஏதாவது செஞ்சாகணும் அவளுக்கு. இப்ப முடியாதுன்னா அவ உடைஞ்சுடுவா. போய் இரு. அவளே ஒரு நாள் வந்து கூப்பிடுவா, அப்ப வா'ன்னா. பெட்டியைக்கூடப் பிரிக்கலக்கா நான். தினமும் நீ வருவியா வருவியான்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."

அக்காவைத் தான்தான் தாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சாகப்போகிறவள் தன் நாட்களிலிருந்து எடுத்து இவளுக்குக் கொடுத்திருக்கிறாள். அதையும் கேட்காமல், சொல்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்திருக்கிறாள்.

"வந்துட்டேன்டா. கிளம்புங்க, எல்லாரும் வாங்க."

தம்பி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். துண்டு மடிக்கும் கை நிற்கவில்லை.

"அவருக்கு வரணும், வரட்டும்" என்றாள் தம்பி மனைவி. "பெரியண்ணி மேல எனக்கு என்ன கோபம்? எனக்கு அம்மா மாதிரி பார்த்தாங்க. ஆனா நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே, அதை இவ கேட்டுட்டா அண்ணி. பெரியவங்க நாங்க மறந்துடுவோம். அன்னையிலேர்ந்து இவளை யாராலயும் தூக்க முடியல. நான் தூக்கினாலும் திமிறிக்கிட்டு இறங்கிடறா. குடி வந்த அன்னைக்கு நாலு மாடியும் அவளே ஏறினா. நடுவுல உக்காந்து உக்காந்து, அழுதுக்கிட்டே ஏறினா. தூக்கவே விடல."

சின்னக்கா எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதான். அந்தப் புள்ளையால அக்கா இளைக்கல. அவ இருந்ததாலதான் இவ்வளவு நாள் எழுந்து உக்காந்தா. எனக்கு அது புரியல, நான் அவசரப்பட்டுட்டேன். வான்னு சொல்ற உரிமை எனக்கு இல்லம்மா. கேக்கறேன். அக்காவுக்கு இருக்கிற நாள்ல…"

முடிக்க முடியவில்லை. தம்பி மனைவி அவளைப் பார்க்காமல் கையிலிருந்த துண்டையே பார்த்தாள்.

அப்போது உள் அறையிலிருந்து வாண்டு வந்தாள். செருப்பு போட்டுக்கொண்டிருந்தாள், கால் மாற்றி.

"பெரியத்தை வீட்டுக்கா?"

சின்னக்கா இரண்டு கையையும் நீட்டினாள். வாண்டு ஒரு அடி பின்னால் வைத்து, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தூக்க வேண்டாம் சின்னத்தை. நான் நடப்பேன்." பிறகு, இதற்கும் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்பது போல அவசரமாகச் சொன்னாள். "பெரியத்தையையும் தூக்கச் சொல்ல மாட்டேன். பக்கத்துல சும்மா உக்காந்துக்கறேன்."

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தம்பி மனைவி துண்டைக் கீழே வைத்தாள். குழந்தை முன் மண்டியிட்டு, செருப்பைக் கழற்றி, கால் மாற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். வாரைக்கூட இறுக்கினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. குழந்தையின் பாதத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

சின்னக்கா அவளை அவசரப்படுத்தவில்லை. இரண்டு பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம், பல்லைப் போட்டுக்கொண்டு பெரியக்கா உட்கார்ந்திருந்தாள்.